சிலிண்டரில் மிச்சம் இருப்பது யாருடைய காசு?



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், நட்பைப் பற்றிக் கட்டுரை இருக்கும், பிரிவை நினைத்துக் கண்ணீர் இருக்கும். எல்லாம் இருக்கட்டும். இந்தப் பக்கங்களில் நான் எழுத வந்திருப்பது கேஸ் சிலிண்டரைப் பற்றி! சிரிக்க வேண்டாம். நம்மில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கிப் படிப்பவர்கள். மீதிப் பேரும் டிப்ளமா முடித்த கையோடு அப்ரண்டிஸ் என்றோ வேலை என்றோ ரூம் தேடத்தான் போகிறோம். அதனால் இது நம் அடுப்படிப் பிரச்சினை, நம் பாக்கெட் பிரச்சினை.

கடைசி செமஸ்டர் முடிந்ததும் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கமும், திருவள்ளூர், காக்களூர் பக்கமும் ரூம் ரூமாகக் காலியாகிறது. பாய், பக்கெட், டேபிள் ஃபேன் என்று ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக் கட்டுகிறோம். ஹவுஸ் ஓனர் வந்து சுவரில் ஆணி அடித்த ஓட்டையை எண்ணுகிறார். பெயின்ட் அடிக்க இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு, கரண்ட் பாக்கி இவ்வளவு என்று அட்வான்ஸில் கழிக்கிறார். ஆனால் மூலையில் ஒரு சிலிண்டர் நிற்கிறதே, போன வாரம்தான் மாற்றியது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாமும் "போனாப் போகுது, விடுப்பா" என்று லோக்கல் டிரெயினைப் பிடிக்க ஓடிவிடுகிறோம்.

போனாப் போகுதா? அது யாருடைய காசு?

கிருஷ்ணாயில் காலத்துக் கணக்கு

நம் அப்பா, சித்தப்பா காலத்தில் ரூமில் சமையல் என்றால் பம்ப் ஸ்டவ் அல்லது திரி ஸ்டவ். ரேஷன் கடையின் நீலநிறக் கிருஷ்ணாயிலை பாட்டிலிலோ கேனிலோ வைத்திருப்பார்கள். ரூமைக் காலி செய்யும்போது கேனில் மூன்று லிட்டர் இருந்தால் மூன்று லிட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ரூம்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். அல்லது ஸ்டவ்வோடு சேர்த்து ஜூனியருக்குப் போகும், அதற்கு ஒரு விலை பேசுவார்கள். சண்டை வந்ததா? வரவில்லை. ஏன்? எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. பாட்டிலை வைத்து அளக்க முடிந்தது.

கேஸ் வந்ததும் சமையல் சுலபமானது, புகை போனது, பாத்திரத்தில் கரி போனது. அதோடு அளவும் கண்ணை விட்டுப் போய்விட்டது! இரும்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததைக் கேட்க வாய் வருவதில்லை. நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீட்டு உபயோகச் சிலிண்டரில் நிரம்பிய கேஸ் 14.2 கிலோ. 2025 ஏப்ரலில் விலை ஏறியபோது சென்னையில் ஒரு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்த விலையை வகுத்துப் பார்த்தால் கிலோ 61 ரூபாய்க்கு மேல் வருகிறது. விலை ஏறும், இறங்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு ரூமில் நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு முடிந்து நாலு பேரும் ஒரே நாளில் கிளம்புகிறார்கள். சிலிண்டரில் 6 கிலோ மிச்சம். அதன் மதிப்பு 367 ரூபாய். இன்னொரு ரூமில் நடுவில் ஒருவர் மட்டும் வேலை கிடைத்துப் போகிறார். புதுச் சிலிண்டருக்கு அவரும் பங்கு கொடுத்திருக்கிறார், 10 கிலோ அப்படியே இருக்கிறது. 10 கிலோவுக்கு 612 ரூபாய். அதில் கால் பங்கு, அதாவது 153 ரூபாய், அவருடையது.

"நூத்தம்பது ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2019-ல் திருத்திய அப்ரண்டிஸ் விதிகளில் டிப்ளமா படித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் வைத்தார்கள். அப்படிப்பட்ட தொகையில் வாடகை, பஸ், போன், ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மாசக் கடைசியில் 153 ரூபாய் என்றால் அது இரண்டு நாள் சாப்பாடு! வருஷத்துக்கு வருஷம், ரூமுக்கு ரூம் இப்படி விட்டுப்போவதைக் கூட்டிப் பாருங்கள். நம்மைப் போன்ற பையன்கள் இந்தப் பகுதிக்குத் தெரியாமலே கொடுக்கும் நன்கொடை அது.

எடைதான் சாட்சி

நாம் பாலிடெக்னிக் மாணவர்கள். அளக்கத் தெரியாது என்று சொல்ல நமக்கு வெட்கமாக இருக்க வேண்டும்!

சிலர் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கிறார்கள். சிலர் விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். "பிரஷர் கேஜ் மாட்டினால் தெரிந்துவிடுமே" என்று மெக்கானிக்கல் நண்பர் சொல்வார். தெரியாது, நண்பரே! உள்ளே இருப்பது அழுத்தத்தில் திரவமாக நிற்கும் கேஸ். மேலே உள்ள ஆவியின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது, மிச்சமுள்ள அளவைப் பொறுத்தது அல்ல. 12 கிலோ இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும் அதே சூட்டில் கேஜ் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். கடைசியில் திரவம் தீரும்போதுதான் முள் விழும். தெர்மோடைனமிக்ஸ் பாடம் பரீட்சைக்கு மட்டும் இல்லை, ரூமுக்கும் உதவும்.

வீட்டில் அம்மாக்கள் செய்யும் ஒரு வழி உண்டு. ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பது. மேல்பாகம் சீக்கிரம் காயும், திரவம் நிற்கும் பாகம் மெதுவாகக் காயும். அந்த ஈரக்கோடுதான் உள்ளே உள்ள மட்டம். நல்ல யோசனைதான். ஆனால் இது உத்தேசம்தான், கணக்குத் தீர்க்கப் போதாது.

சரியான வழி தராசு. சிலிண்டரின் மேல்பக்கம், கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகட்டில், காலி எடை எழுதியிருக்கும். பெரும்பாலும் 15, 16 கிலோவை ஒட்டி வரும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. அங்கேயே ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். அது அடுத்த சோதனை எந்த மூன்று மாதத்தில் என்பதற்கான குறி, எடையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் மிச்ச கேஸ். மொத்தம் 21.8, காலி 15.8 என்றால் மிச்சம் 6 கிலோ. இதில் சண்டைக்கு எங்கே இடம்?

இன்னொன்று. சிலிண்டர் கொண்டுவரும் அண்ணனிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது நம் உரிமை. வரும்போது எடை பார்க்காதவன் போகும்போது எடை கேட்டால் யார் மதிப்பார்கள்?

இணைப்பு யார் பேரில்?

மூன்று விதமான ரூம்கள் உண்டு. மூன்றுக்கும் வழி வேறு.

ஒன்று, அடுப்பும் சிலிண்டரும் ஓனருடையது, கேஸ் தீர்ந்தால் காசு நம்முடையது. நம் பக்கத்தில் இப்படித்தான் அதிகம். இங்கே சிலிண்டர் ஓனருக்குச் சொந்தமும் இல்லை, நமக்குச் சொந்தமும் இல்லை. அது எண்ணெய்க் கம்பெனியின் சொத்து. இணைப்பு ஓனர் பேரில் இருக்கிறது. உள்ளே உள்ள கேஸுக்கு மட்டும்தான் நாம் காசு கொடுத்தோம். ஆகவே குடிவரும் அன்று ஓர் எடை, காலி செய்யும் அன்று ஓர் எடை. வந்தபோது 3 கிலோ, போகும்போது 9 கிலோ என்றால், 6 கிலோவுக்கு உண்டான பணம் அட்வான்ஸோடு சேர்ந்து திரும்ப வேண்டும். இதை விற்பனை என்று நினைக்காதீர்கள், வாடகைக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இரண்டு, இணைப்பு நம் பேரில். இங்கே டெபாசிட்டும் உண்டு. 2022 ஜூன் 16 முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 1,450-லிருந்து 2,200 ரூபாய் ஆனது, ரெகுலேட்டருக்கு 150-லிருந்து 250. வெளியூர் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால், நாம் அன்று கட்டிய டெபாசிட் திரும்பும். புது ஊரில் அந்தக் காகிதத்தைக் காட்டி, அப்போதைய ரேட்டில் கட்டி இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கவனியுங்கள், திரும்புவது டெபாசிட் மட்டும்தான். மிச்ச கேஸுக்கு ஏஜென்சியில் தனியாகக் காசு தரும் வழக்கம் இல்லை. அதனால் போவதற்கு ஒரு மாதம் முன்பே யோசித்து, அவசரப்பட்டு அடுத்த சிலிண்டர் புக் செய்யாமல் இருப்பதுதான் புத்தி. இணைப்பு வாங்கியபோது கொடுத்த சீட்டைப் பத்திரமாக வையுங்கள், தொலைந்தால் அலைச்சல்.

இங்கே ஒரு தப்பான பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சீனியர்கள் சிலர் ரூமோடு சேர்த்துச் சிலிண்டரையும் ஜூனியருக்கு "வித்துட்டு" போகிறார்கள். இணைப்பு உங்கள் பேரில், சமைப்பது வேறொருவர். நாளைக்கு ஒரு விபத்து என்றால் பதில் சொல்ல வேண்டியது பேர் உள்ளவர். இன்சூரன்ஸும் பதிவான முகவரியை வைத்துத்தான் பேசும். நூறு இருநூறுக்காக இந்த வம்பு வேண்டாம்.

மூன்று, முகவரிச் சான்று இல்லாதவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் சிப்காட்டில் இரும்பு உருக்கும் தோழர்களையும், நேற்று வந்து சேர்ந்த அப்ரண்டிஸ்களையும் இதில் சேர்க்கலாம். இவர்களுக்காக 2013-ல் 5 கிலோ சிலிண்டர் திட்டம் வந்தது. முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். ஆனால் கிலோ கணக்கில் பார்த்தால் வீட்டுச் சிலிண்டரை விட விலை அதிகம். இது தெரியாதவர்கள், அல்லது கையில் மொத்தமாகக் காசு இல்லாதவர்கள், கடைக்குப் பின்னால் கிலோ கணக்கில் அடித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகிறார்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றுவது சட்டப்படி குற்றம், அதைவிட உயிருக்கு ஆபத்து. இந்த கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படர்ந்து மூலையில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்!

பாருங்கள் வேடிக்கையை! யாரிடம் காசு குறைவோ அவர்தான் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறார். யாருக்கு ரூம் நிலையில்லையோ அவர்தான் மிச்சத்தை அதிகம் விட்டுப்போகிறார்.

ஓனர் பக்கமும் நியாயம் உண்டு

ஒரு பக்கமாகவே பேசினால் அது நியாயம் ஆகாது. ஓனர் அம்மாவைக் கேட்டால் அவர் கதை வேறு. "முழுச் சிலிண்டரோடதான்பா ரூம் குடுத்தேன். போகும்போது காலிச் சிலிண்டரையும் கரி பிடிச்ச அடுப்பையும் வெச்சிட்டுப் போயிட்டானுங்க." இதுவும் நடக்கிறது. அதைத் திரும்ப வாங்க அவர் நம் ஊர் வரைக்கும் வர முடியுமா? "ஒவ்வொருத்தன் போகும்போதும் எடை போட்டுக்கிட்டு இருக்க எனக்கு வேற வேலை இல்லையா?" என்று அவர் கேட்பதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

பதில் ஒன்றுதான். எடை இரண்டு பேரையும் காப்பாற்றும். வந்தபோது முழுதாக இருந்து போகும்போது காலி என்றால், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும், நாம் வாயைத் திறக்கக் கூடாது. அதே கையால் மிச்சம் இருந்தால் கொடுக்கட்டும். எடை போடும் வேலையை நாமே செய்து, காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டால், அவருக்கும் சிரமம் இல்லை.

வெளியே பார்த்தால்...

இது ஏதோ கஞ்சத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிக்கும் வீடுகள் பல உண்டு. வீட்டு அடித்தளத்தில் ஒரு டேங்க் இருக்கும். வீடு கைமாறும் நாளில் டேங்கில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று அளந்து, அன்றைய விலையைப் போட்டு, வாங்குபவர் விற்பவருக்குக் கொடுப்பது அங்கே வழக்கமான நடைமுறை. பெரிய தொகைக்கு வீடு விற்கிறவர்களே மிச்ச எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்கிறார்கள். அதை அங்கே யாரும் அற்பம் என்று சொல்வதில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம்ம ஊர் பெட்ரோல் பங்கில் பாருங்கள். டேங்கில் குச்சியை விட்டு அளந்து எழுதித்தான் கணக்கை முடிக்கிறார்கள். எண்ணெய் எரிக்கும் பர்னஸ் உள்ள தொழிற்சாலையில் டேங்க் மட்டம் பார்க்காமல் ஸ்டாக் எழுத முடியுமா? தொழிற்சாலையில் அளவு ஒழுக்கம், ரூமில் மட்டும் "விடுப்பா" என்றால் என்ன அர்த்தம்?

சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களுக்குக் குழாய் கேஸ் கொண்டுவரும் வேலை டோரன்ட் கேஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. குழாய் வந்த வீட்டில் இந்தத் தகராறே இல்லை. மீட்டர் ஓடின அளவுக்குக் காசு, மிச்சம் என்று ஒன்றே கிடையாது. ஆனால் அது நம் வாடகை ரூம்கள் எல்லாவற்றுக்கும் வந்து சேரும் வரை தராசுதான் நம் மீட்டர்.

சின்னக் காசு, பெரிய பழக்கம்

தோழர்களே! நான் பயப்படுவது 153 ரூபாய்க்காக அல்ல. கேட்காமல் விடும் பழக்கத்துக்காக. இன்று சிலிண்டரில் மிச்சத்தைக் கேட்கக் கூச்சப்படுகிறவன், நாளைக்கு அட்வான்ஸில் ஆயிரம் பிடித்தாலும் கேட்கமாட்டான். அதன் பிறகு ஓவர்டைம் காசு குறைந்தாலும் கேட்கமாட்டான், பி.எஃப். பிடித்தார்களா, கட்டினார்களா என்றும் கேட்கமாட்டான். கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மரியாதையாகக் கேட்பதற்கும் ஒரு வழி உண்டு என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமாகக் கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதியைத் திருப்ப வேண்டும். ஆனால் எழுத்தில் ஒன்றுமே இல்லாமல் வாய்ப்பேச்சில் ரூம் எடுத்தவனுக்குச் சட்டம் எப்படிக் கை கொடுக்கும்? ஒப்பந்தம் எழுதும்போதே "குடிவந்த அன்று சிலிண்டரில் கேஸ் இத்தனை கிலோ, காலி செய்யும் அன்று வித்தியாசத்துக்கு அன்றைய விலையில் கணக்குத் தீர்க்கப்படும்" என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் சங்கம் விளையாட்டு விழா நடத்துகிறது, கலை விழா நடத்துகிறது. அதோடு இந்தச் சின்ன வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சங்க அறையில் 50 கிலோ தாங்கும் தொங்கு தராசு ஒன்று வாங்கி வைப்போம். சில நூறு ரூபாய்தான் ஆகும். ரூம் எடுப்பவரும் காலி செய்பவரும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும், அன்று மாலையே திருப்பட்டும்.

அரைப்பக்கத்தில் ஒரு சீட்டு அச்சடிப்போம். தேதி, காலி எடை, மொத்த எடை, மிச்ச கேஸ், அன்றைய சிலிண்டர் விலை, இரண்டு பேர் கையெழுத்து. அவ்வளவுதான். ஓனருக்கு ஒன்று, நமக்கு ஒன்று.

ரூம்மேட்டுகளுக்குள் முதலில் இதைப் பழகுவோம். நடுவில் போகிறவனின் பங்கை மீதி மூன்று பேர் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். ஓனரிடம் நியாயம் கேட்கும் முன் நமக்குள் நியாயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

முக்கியமாக, எடை போடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வில் மூடியைப் போட்டு, நேராக நிறுத்தியே தூக்க வேண்டும். மிச்சத்தைத் தீர்ப்பதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்கு வந்துவிடும். மிச்ச கேஸை விட மிச்ச ஆயுள் பெரிது!

காசு சின்னதுதான். ஆனால் வியர்வை நம்முடையது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் நின்றுகொண்டே வந்து, ஷிப்ட் முடித்து, அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தவனுக்குத்தான் அந்த நீலச் சுடரின் விலை தெரியும். அந்த விலையைக் கூச்சப்படாமல் கேட்போம், பாக்கி வைக்காமல் கொடுப்போம்.

எடை போடுவோம்! எழுதி வைப்போம்! நியாயமாகத் தீர்ப்போம்!